நோன்பு திறந்த பிணம்

எல்லோரும் சுகம்தானே? வீட்டில் பெரியவர்கள், சின்னவர்கள், மூட்டு வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் நலமா? காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். போன ரமலானின் கடைசி நாளில் கெய்ரோவில் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வஜ்தி என்றால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஜலால் பாஷா என்றால் கைக்குழந்தை கூடத் திரும்பிப் பார்க்கும். ஆறு ரமலானாக, நோன்பு திறந்து வயிறு நிறைந்த நேரத்தில், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்த துப்பறியும் அதிகாரி அவர். ஜலால் பாஷாவுக்குத் தூக்கம் கிடையாது. மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். உயிர்த் தோழனை எவனோ சுட்டுவிட்டான். மழையே பெய்யாத ஊரில் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பதுபோல வெளியே வெறிப்பார், கசப்புக் காப்பி குடிப்பார், கொலைகாரனைப் பிடித்த பிறகும் சந்தோஷப்பட மாட்டார். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை சிரித்தார். அதுவும் கனவு என்று அடுத்த காட்சியில் தெரிந்துவிட்டது.

அந்த வேஷம் போட்ட வஜ்தியோ தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடும் ஆள். காப்பிக்கு நாலு கரண்டி சர்க்கரை வேண்டும். வாலிபத்தில் மேடை நாடகத்தில் கழுதையின் பின்னங்காலாக நடித்தே கூட்டத்தை உருள வைத்தவர். ஆனால் ஜலால் வந்த நாளிலிருந்து அவரைச் சிரிக்க யாரும் விடவில்லை. தெருமுனைக் காப்பிக்கடை பரகாத் கசப்புக் காப்பியைத்தான் கொண்டுவந்து வைப்பான்.

"சர்க்கரை போடுப்பா" என்பார் வஜ்தி.

"உங்க துக்கத்துக்கு சர்க்கரை போட்டா நல்லாவா இருக்கும் பாஷா? குடிங்க, மனசு லேசாகும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவான்.

அவர் மனைவி ஸுஹைர் பாடு அதைவிட மோசம். தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிடுவார்.

"அப்படிப்பட்ட மனுஷன விட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நான் எங்கய்யா போனேன்? நேத்து ராத்திரி கூட அந்தாளு குறட்டைக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"திரும்பி வந்துட்டியா? அது போதும் தாயி. இனிமேலாவது நல்லா பாத்துக்க."

இந்த நிலையில் பழைய நாடக நண்பர் ஃபத்ஹல்லா ஒரு நாள் போன் செய்தார். பெருநாள் முடிந்ததும் ஒரு சிரிப்பு நாடகம் போடப் போகிறாராம். மாமியார் வேஷத்துக்கு ஆள் வேண்டுமாம்.

"உன்னத்தான் நெனச்சேன் வஜ்தி. ஆனா உன் மூஞ்சியப் பாத்ததும் ஜனங்க கைக்குட்டையத் தேடுவாங்களேடா. மொதல்ல அந்த ஜலாலக் கொன்னுட்டு வா, அப்புறம் பேசலாம்."

கொல்வதும் சுலபமில்லை. ஜலால் உயிரோடு இருக்கும்வரை வஜ்தி வேறெங்கும் நடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். சானல் மேலாளர் ஷஹீரா மேடம் ஜலாலை விடுவதாக இல்லை. காயம் படட்டும், ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடக்கட்டும், அடுத்த ரமலானுக்குக் கண்ணைத் திறந்துகொள்ளலாம் என்றார். வஜ்தி கெஞ்சினார், கோபித்தார், அவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைசியில் மேடம் இறங்கி வந்தார்.

"சரி, சாவுங்க. ஆனா சுத்தமா சாவணும். நாடே அழணும். துளி மூச்சு தெரிஞ்சாலும் நான் எழுப்பிடுவேன், சொல்லிட்டேன்."

ஆக, ஜலால் பாஷாவின் கடைசி வழக்கு. ரமலான் இருபத்தொன்பதாம் நாள், சய்யிதா ஸைனப் பேட்டையில் இத்ரீஸின் ரொட்டி அடுப்பில் கடைசிக் காட்சி. நாடகமெல்லாம் இங்கே அப்படித்தான், ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், மறுபக்கம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மறுநாளும் நோன்பு இருந்தால் மறுநாள் இரவு கடைசிப் பகுதி ஓடும் என்று கணக்கு.

பெருநாளுக்கு முந்தைய நாளில் ரொட்டி அடுப்பைப் படப்பிடிப்புக்குக் கேட்டது யார் யோசனையோ தெரியாது. தெருவிலுள்ள அத்தனை பெண்களும் வீட்டில் பிசைந்து உருட்டிய கஹ்க் பிஸ்கட்டைத் தட்டுத் தட்டாகத் தலையில் சுமந்து வந்து, சுட்டு வாங்கிப்போகக் காத்திருக்கும் நாள் அது. அவர்களை வெளியே போகச் சொன்னார் இயக்குநர் நாதிர்.

"தட்ட விட்டுட்டு நாங்க நகர மாட்டோம்" என்றாள் எல்லோருக்கும் முன்னால் நின்ற உம்மு ஸுப்ஹி. அகலமான பெண்மணி, குரலும் அகலம். "போன வருஷம் என் தட்ட மாத்திக் குடுத்துட்டான் இத்ரீஸ். கல்லு மாதிரி ஒண்ணு வந்துச்சு. பேரனுக்குப் பல்லு ஆடிப்போச்சு."

சரி, ஓரமாக நில்லுங்கள் என்று விட்டார்கள். அடுத்து இத்ரீஸ் மல்லுக்கு நின்றார். கதைப்படி கொலைகாரன் ரொட்டிக் கடைக்காரன் என்பது அவர் காதுக்கு அப்போதுதான் எட்டியிருந்தது.

"என் கடை, என் அடுப்பு, என் போர்டு. அதுல நின்னுக்கிட்டு ரொட்டி சுடறவன் கொலகாரன்னு சொல்லுவீங்க, நாளைக்கு எவன்யா என்கிட்ட ரொட்டி வாங்குவான்?"

"அது நடிப்பு அண்ணே" என்றார் நாதிர்.

"வஜ்தி அண்ணன் வீட்டம்மா படற பாட்ட நீ பாக்கலையா? அதுவும் நடிப்புதான்."

கொலைகாரனாக நடித்தவரின் மேலங்கியைக் கழற்றி, ஒரு கோட்டை மாட்டி, மாவுத் தரகர் ஆக்கினார்கள். பெண்களுக்குப் பரம திருப்தி. "எனக்கு மொதல்லருந்தே மாவுத் தரகன் மேலதான் சந்தேகம்" என்றாள் உம்மு ஸுப்ஹி. அதுவரை கதையில் மாவுத் தரகர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

முதல் தடவை சுட்டார்கள். ஜலால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் சரிந்தார். உம்மு ஸுப்ஹி குறுக்கே பாய்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நான் சாவணும்க்கா" என்றார் வஜ்தி, மடியிலிருந்தபடியே.

"எதுக்குய்யா சாவணும்? நல்ல நாளும் அதுவுமா. எந்திரி."

"நான் செத்தாத்தான்க்கா எனக்குப் பொழப்பு."

இரண்டாம் தடவை அவரது கடைசி வசனம். "உண்மைக்குத் தூக்கமே இல்லை" என்று மெல்லிய குரலில் சொல்லிக் கண் மூட வேண்டும். சொன்னார். "நீயாவது தூங்கு ராசா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவும் போயிற்று.

இதற்கிடையில் உம்மு ஸுப்ஹிக்கு வேறொரு கவலை பிறந்துவிட்டது. கேமரா இருக்கும் இடத்தைப் பார்த்தாள், தன் தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்தாள். நாடு முழுக்கப் பார்க்கப்போகும் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி தட்டு தெரிவதாவது? வெந்து ஆறியிருந்த தன் கஹ்க்கின் மேல் பொடிச் சர்க்கரையைத் தாராளமாகத் தூவி, தட்டை மாவு மூட்டைப் பக்கம் ஒரு முழம் தள்ளினாள். மூன்றாம் தடவை யாரோ தும்மினார்கள். அந்தச் சாக்கில் இன்னொரு முழம். நான்காம் தடவைக்கு எல்லோரும் தயாரானபோது, ஜலால் பாஷா செத்து விழ வேண்டிய இடத்தில், அவர் மூக்குக்கு நேர் கீழே தட்டு வந்து சேர்ந்திருந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாய்கள், நெய் மணக்கும் அடுப்படி. இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் இருந்தது.

வஜ்தி சுடப்பட்டார். சரிந்தார். உண்மைக்குத் தூக்கமில்லை என்றார். ஆறு வருஷத்துக் கசப்புக் காப்பியெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. கண்களை மூடினார், மூச்சை அடக்கினார். ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. இத்ரீஸ் துண்டால் கண்ணைத் துடைத்தார். நாதிர் நெகிழ்ந்துபோய், நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார்.

நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது.

திறந்த வாயில் பேரீச்சம்பழம்தான் போயிற்று. கேமராக்காரர் கேமராவை அப்படியே விட்டுவிட்டுப் புளித் தண்ணீர்க் குவளைக்கு ஓடினார். மாவுத் தரகர் துப்பாக்கியை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். வஜ்தி செத்துக் கிடந்தார். ஆனால் ஏழு வயதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதும் வாய்க்குப் போய்ப் பழகிய கை அது, செத்ததெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? தானாக நகர்ந்து ஒரு கஹ்க்கை எடுத்தது. கண் திறக்கவில்லை. தாடை மட்டும் நிதானமாக அசைந்தது. மீசையெல்லாம் சர்க்கரை. இரண்டாவதைக் கடிக்கும்போதுதான், தான் இறந்துபோன விஷயம் வஜ்திக்கு நினைவு வந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. நிம்மதியாக அதையும் முடித்தார்.

"அண்ணே, சாவுன்னா அதுதான் சாவு" என்று நாதிர் வந்து கட்டிக்கொண்டார்.

"இல்ல நாதிர், கடைசில கொஞ்சம்..."

"பேசாதீங்க. எதுவும் சொல்லிக் கெடுக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து வானொலியில் பிறை தெரிந்த செய்தி வந்தது. நாளைக்கே பெருநாள். பெண்கள் குலவையிட்டார்கள். நாதிரின் போனில் ஷஹீரா மேடம் கத்தினார். பெருநாளன்று எவனும் வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்க்க மாட்டான், கடைசிப் பகுதி இன்றைக்கே ஓடியாக வேண்டும். நாதிர் படத்தை ஒருவனிடம் மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்பிவிட்டு, வெட்டி ஒட்டுகிறவருக்குப் போன் போட்டார்.

"மூஞ்சியப் புடிச்சுக்க. சோகப் பாட்டு முடியற வரைக்கும் அந்த மூஞ்சிய விட்டு நகராதே. அது மேலயே பேரெல்லாம் ஓடட்டும். எல்லாத்தையும் உக்காந்து பாக்க நேரமில்லடா, சொன்னதச் செய்."

அந்தப் பாட்டு எவ்வளவு நீளம் என்று யாருமே யோசிக்கவில்லை.

அன்றிரவு பரகாத் கடை வாசலில் தெருவே கூடியிருந்தது. வஜ்தியும் ஸுஹைரும் முன்வரிசையில். ஜலால் பாஷா சுடப்பட்டார், தெரு விம்மியது. கண்ணை மூடினார், தக்காளிக்காரர் தொப்பியைக் கழற்றினார். சோகப் பாட்டு எழுந்தது. வஜ்தி மனைவியின் கையை அழுத்தினார். விடுதலை.

ஒளிப்பதிவு செய்தவர் பேர் போய், தையல்காரர் பேர் வந்த இடத்தில் பிணத்தின் கை நகர்ந்தது.

"பாஷா" என்றான் பரகாத், மெதுவாக. "உங்க கை..."

பாட்டில் ஒரு தாய் மகனைத் தேடி அழுதுகொண்டிருந்தாள். பேர்களுக்குப் பின்னால் ஜலால் பாஷா கஹ்க் தின்றுகொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, ஆற அமர, சர்க்கரை மீசையோடு. பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து நாட்டையே ஒரு நோட்டம் விட்டார்.

முதலில் சிரித்தது ஸுஹைர்தான். அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் தெருவே சாய்ந்தது. தக்காளிக்காரர் நாற்காலியோடு விழுந்தார்.

"பீரங்கிக்கு அப்புறம்தானே தின்னாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்புறம்தான். சத்தம் கேட்டுச்சே."

"அப்ப நோன்பு முறியல, கூடிடுச்சு."

"செத்தவருக்கு ஏதுய்யா நோன்பு?"

வஜ்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போன் அடித்தது. ஷஹீரா மேடம்.

"சாப்பிட்டீங்களே! செத்த ஆளு எங்கயாவது சாப்பிடுவாரா? ஜலால் உயிரோடதான் இருக்காரு. அடுத்த ரமலானுக்குத் தயாரா இருங்க" என்று வைத்துவிட்டார்.

வஜ்தி சாப்பிடாமல் போய்ப் படுத்தார். முதல் தடவையாக, ஜலால் பாஷாவைப் போலத் தூக்கம் வராமல் கிடந்தார்.

காலையில் பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வந்தால், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுவதும், படுத்தபடியே கஹ்க் தின்பதுமாக இருந்தார்கள். பெரியவர்கள் அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதல் போன் ஃபத்ஹல்லாவிடமிருந்து.

"மாமியார் வேஷம் உனக்குத்தான்டா. எங்கம்மா சிரிச்சு சிரிச்சு பல்செட்டு கழண்டு விழுந்துடுச்சு."

"நான் இன்னும் சாவலையே ஃபத்ஹல்லா" என்றார் வஜ்தி, அழாக்குறையாக.

மேடம் கூப்பிட்டது அதற்குப் பிறகு. இழவு வீட்டிலிருந்து பேசுவது போலிருந்தது குரல்.

"பழைய பகுதி ஒண்ண மறுபடி போட்டோம் வஜ்தி சார். நீங்க ஜன்னலோரம் நிக்கறீங்க, உங்க தோழர் செத்துட்டாரு. அதுக்கும் சிரிக்கறாங்க. இனிமே ஜலால் துப்பாக்கிய எடுத்தா, கஹ்க் எங்கேன்னுதான் கேப்பாங்க. அவரு செத்துட்டாரு. நாங்களே அறிக்கை விடறோம். நல்லடக்கமும் ஆயிடுச்சுன்னு சேத்துப் போட்டுடறோம்."

வஜ்தி பரகாத் கடையில் போய் உட்கார்ந்தார். உம்மு ஸுப்ஹி ஒரு தட்டு கஹ்க்கோடு வந்து நின்றாள்.

"என் தட்டு நல்லாத் தெரிஞ்சுதுய்யா. பக்கத்து வீட்டுக்காரிக்கு ராத்திரியெல்லாம் வயித்தெரிச்சல். இந்தா, இன்னிக்காவது கண்ணத் தொறந்துக்கிட்டு சாப்பிடு."

பரகாத் கேட்காமலேயே காப்பியைக் கொண்டுவந்து வைத்தான். வஜ்தி ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். நாலு கரண்டி சர்க்கரை.

"என்னடா பரகாத், என் துக்கம் என்ன ஆச்சு?"

"என்ன துக்கம்? செத்ததுக்கு அப்புறமும் தின்னுக்கிட்டுக் கெடந்தத என் ரெண்டு கண்ணால பாத்தேனே. போங்க பாஷா, ஊர ஏமாத்தாதீங்க."

வஜ்தி சிரித்தார். இந்தத் தடவை கனவில்லை.

உங்கள் வீட்டில் என்ன கதை? அழ வேண்டிய காட்சியில் சிரித்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது உண்டா? சுருக்கமாக வேண்டாம், நிறுத்தி நிதானமாக எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.