அண்ணன் நிற்கிற இடம்

அப்பாவின் இடுப்பில் வேட்டியைச் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள் மிதுசாவுக்கு மூன்று தடவை பிசகிவிட்டது. உடல் குளிரறையில் ஒன்பது நாள் இருந்தது. ஜெயச்சந்திரன் அண்ணை இடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"முடிச்சு வேண்டாம் பிள்ளை, செருகிவிடு. இனி அவிழுறதுக்கு உன்ர அப்பன் ஞானசுந்தரம் எங்கை நடக்கப்போறான்?"

அவர் அப்பாவோடு ஒரே உணவகத்தின் குசினியில் பதினாலு வருடம் வேலை செய்தவர். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் கிரியைகளை முன்னின்று செய்து வைப்பவர் அவர்தான். குளிப்பாட்டி உடுத்துவது மகனின் வேலை. மகன் வந்து சேராததால் மிதுசா கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

இந்த மாநிலச் சட்டப்படி பத்து நாளுக்குள் தகனம் செய்துவிட வேண்டும். இன்று பத்தாம் நாள். பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அடுத்த குடும்பத்துக்குப் பதினொன்றே முக்கால். "வெள்ளையன்ர சுடலையிலயும் டெர்மின்தான், நேரம் குறிச்சுத்தான் எரிப்பாங்கள்" என்றார் ஜெயச்சந்திரன் அண்ணை. மிதுசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பது.

அண்ணன் சதீசனிடமிருந்து இரண்டு நாளாக ஒரு செய்தியும் இல்லை. அவள் அனுப்பிய பதினேழு செய்திகளும் போய்ச் சேராமல் ஒற்றைச் சாம்பல் சரிக்குறியோடு நின்றன.

அப்பா அகதியாக வந்து, பிறகு அம்மாவையும் அவளையும் கூப்பிட்டபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது முடிந்து மூன்று மாதம். பெரிய ஆளாகிவிட்ட பிள்ளைக்கு விசா இல்லை என்றார்கள். வவுனியாவில் மாமா வீட்டில் தனியே நின்றவனை, பத்து வருடம் கழித்து, ஒரு முகவர் சைப்ரசுக்குப் படிக்க அனுப்பினார். விமானம் துருக்கி வழியாகப் போய்த் தீவின் வடக்கில் இறங்கியது. ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டான் என்று அப்பா குசினி ஆட்களுக்கெல்லாம் கேக் வெட்டினார்.

மிதுசாவும் அப்படித்தான் நினைத்தாள். பகலில் மருந்துக்கடையில் நின்றுவிட்டு மாலைப் பள்ளியில் படிக்கிறவள் அவள். பாடப்புத்தகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளை வரிசையாகப் போட்டிருந்தது. சைப்ரஸ் அதில் இருந்தது. அப்பா இறந்த அன்று மாலை அவள் உட்கார்ந்து, இலக்கமிட்டு ஒரு தாள் எழுதினாள். ஒன்று, நிக்கோசியா நகரின் நடுவிலுள்ள சோதனைச் சாவடியால் தெற்குக்கு நட. இரண்டு, அங்கேயுள்ள ஜெர்மன் தூதரகத்தில் மரணச் சான்றிதழைக் காட்டி விசா எடு. மூன்று, லார்னகா விமான நிலையத்திலிருந்து பிராங்பேர்ட். எழுதியதை இருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் படம் எடுத்து அனுப்பினாள்.

முதலாவதிலேயே அவனைத் திருப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஒழுங்காக வாசித்தாள். முழுத் தீவும் காகிதத்தில் ஒன்றியத்துக்குள் இருக்கிறது. வடக்கில் அதன் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வடக்கில் ஓர் அரசு இருக்கிறது. துருக்கியைத் தவிர எவரும் அதை நாடென்று ஏற்பதில்லை. அவன் இறங்கிய விமான நிலையம் தெற்கின் கணக்கில் சட்டப்படியான வாசல் அல்ல. தூதரகமோ தெற்கில். நடுவிலுள்ள எல்லைக்கோட்டைக் கடக்க அனுமதி கேட்பதற்கே அந்தக் கோட்டைக் கடந்தாக வேண்டும். இதை ஒரு நாள் முந்தி வாசித்திருந்தால் என்று நினைத்தாள். வாசித்திருந்தாலும் விளங்கியிருக்குமோ என்றும் நினைத்தாள்.

அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. "எப்பிடியெண்டாலும் வரச்சொல்லு, அவன்தானே கொள்ளி வைக்கவேணும்" என்று அம்மா சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினாள். ஒரு ஆள் வயல்பக்கத்தால் கூட்டிப்போறன் எண்டு சொல்லுறான் என்று எட்டாம் நாள் காலை அவன் எழுதினான். அவள் வேண்டாம் என்று எழுதியது போய்ச் சேரவேயில்லை.

தகனசாலையின் காத்திருப்பறையில் அம்மா ரஞ்சினி கதவைப் பார்த்தபடி இருந்தார். ஊர்ச்சனம் நாற்பது பேர் வரையில் வெளியே நின்றார்கள். மிதுசா உள்ளே வந்ததும் அம்மா கேட்டார்.

"விடிய வாற பிளேன் இறங்கியிட்டுதோ?"

"இன்னும் தகவல் இல்லையம்மா."

"பிராங்பேர்ட்டில இருந்து ரெயிலில மூண்டு மணித்தியாலம். காரிலயெண்டால் கெதியா வந்திடலாம், என்ன?"

"ஓம்."

பத்து இருபதுக்கு அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். நடைபாதைக்குப் போய் எடுத்தாள். காற்றின் இரைச்சலுக்குள் அண்ணனின் குரல் கேட்டது.

"மிது, இது வேற ஆளின்ர போன். கூட்டிவந்தவன் இடையில விட்டிட்டுப் போட்டான்."

"எங்க நிக்கிறாய்?"

"ரெண்டு பக்கத்துக்கும் நடுவில. ஒரு கூடாரம் இருக்கு. ஆபிரிக்காக்காரர் கொஞ்சப் பேர், ஒரு பொம்பிளை குழந்தையோட. முன்னுக்கும் விடுறாங்களில்லை, பின்னுக்கும் எடுக்கிறாங்களில்லை. நீலத் தொப்பி போட்ட ஐ.நா. ஆமிக்காரர் தண்ணி கொண்டுவந்து தாறாங்கள்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இஞ்ச ஒருத்தன் நாலு மாசமா நிக்கிறான்."

பிறகு அவன் கேட்டான்.

"அப்பாவை எத்தினை மணிக்கு?"

"பதினொண்டுக்கு."

"நான் மீசையை வழிச்சிட்டன்" என்றான். "நேரத்துக்கு வந்திடலாம் எண்டு நினைச்சன். நீ ஒண்டு, ரெண்டு எண்டு வடிவா எழுதித் தந்தனி."

அவன் குத்தலாகச் சொன்னானா, சும்மா சொன்னானா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. அதே எண்ணுக்குத் திரும்ப எடுத்தாள். பதிந்து வைத்த ஒரு பெண் குரல் அவளுக்கு விளங்காத மொழியில் எதையோ சொன்னது.

உள்ளே வந்தவளின் முகத்தை அம்மா பார்த்தார். மிதுசா மேசையிலிருந்த கைதுடைக்கும் தாளை எடுத்து, தீவை ஒருமாதிரி வரைந்தாள். குறுக்கே ஒரு கோடு போட்டாள். அதன் கீழே இன்னொரு கோடு.

"அம்மா, நான்தான் பிழையா விளங்கிக்கொண்டனான். ஒரே நாடெண்டு நினைச்சன். அண்ணா இப்ப இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில நிக்கிறான்."

அம்மா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சால ஒரு காவல் சென்றி. அங்கால ஒரு சென்றி."

"ஓம்."

"அப்ப சூனியப் பிரதேசத்துக்குள்ள நிக்கிறான் எண்டு சொல்லன்."

மிதுசா தலையசைத்தாள். அவள் இத்தனை நாளும் வாசித்த எதிலும் அந்தச் சொல் இல்லை.

"சண்டைக் காலத்தில ஓமந்தையில ஆமியின்ர கடைசிச் சென்றிக்கும் இயக்கத்தின்ர முதல் சென்றிக்கும் நடுவில ஒரு துண்டு கிடந்தது" என்றார் அம்மா. "ஒருக்காப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு, கொண்ணன் சதீசனைக் கையில பிடிச்சுக்கொண்டு அதுக்குள்ள நிண்டனான். ரோட்டை விட்டு ஒரு அடி விலகக்கூடாது, மிதிவெடி. அவன் மூத்திரம் பெய்யவேணும் எண்டு அழுதவன்." விரலைத் தாளில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்தார். "பின்னேரம் விட்டவங்கள். அது ஒரு பகல்தான்."

ஜெயச்சந்திரன் அண்ணை வாசலில் வந்து நின்றார். மகன் வரமாட்டான் என்று அவருக்கு விளங்கியிருந்தது. நேரமாகிறது, பெண்பிள்ளையே செய்யலாம், இப்ப இஞ்ச அதெல்லாம் வழக்கம்தான் என்று மெல்லச் சொன்னார். மிதுசா எழுந்து நின்றாள். காலையில் தலைக்குக் குளித்து, பெட்டியைச் சுற்றி எத்தனை தரம், எந்தப் பக்கத்தால் என்றெல்லாம் அவரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"வேண்டாம்" என்றார் அம்மா.

"ரஞ்சினி, ஒருத்தரும் வைக்காமல் எப்பிடி..."

"அவன்ர இடத்தில ஒருத்தரும் நிக்க வேண்டாம், அண்ணை. அவன் உயிரோட நிக்கிறான்."

அம்மா மிதுசாவைப் பார்க்காமல் தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

பதினொரு மணிக்குப் பெட்டியை உலை வாசல் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். தேவாரம் பாடி முடிந்தது. தட்டில் கொள்ளிக்கென்று வைத்த கற்பூரம் கொளுத்தாமலே இருந்தது. பெட்டியை உலைக்குள் அனுப்பும் பொத்தானை யார் அழுத்துவது என்று ஊழியர் ஜெர்மனில் கேட்டார். நீங்களே அழுத்துங்கள் என்று மிதுசா சொன்னாள். அவர் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பெட்டியின் தலைமாட்டில் அம்மா நின்றார். ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டு மிதுசா நின்றாள். வாசலில் இன்னும் சனம் உள்ளே வர முடியாமல் நெரிந்துகொண்டிருந்தது. முன்னால் நிற்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் நெருங்கி நிற்க வேண்டும் என்று ஊழியர் கையைக் காட்டினார்.

ஒருவரும் நெருங்கவில்லை.