டீ நேரத்துப் படங்கள்

"பெரியத்தா, மொதல்ல எறங்குங்க. நீங்க வுழுந்து வச்சீங்கன்னா இன்னொரு சந்தூக்குக்கு எங்க போறது?"

சொன்ன பிறகுதான் ஷாஹீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் ஸ்டூலின் காலைப் பிடித்திருந்தாள். மேலே அவளுடைய அத்தாவின் அண்ணன் உபைத், எண்பதை நெருங்கும் மனிதர், ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைப் படச்சட்டத்திலும் வைத்து நின்றுகொண்டிருந்தார். வாசலில் அத்தாவைச் சுமந்து போக வந்த சந்தூக்குப் பெட்டி காத்திருந்தது; கொல்லையில் துணி கட்டி மறைத்த இடத்தில் இறந்துபோன அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இரண்டு வருடமாக உட்கார்ந்த இடத்திலேயே வத்தல்மலை ஏறுவதுபோல மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன், விடியற்காலை பாங்கு சொல்லி முடிப்பதற்குள் லேசாகப் போய்விட்டார். அந்த இரைப்பு இனி இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே மூச்சு தாராளமாக வந்தது. இந்தச் சுவர் ஒன்றுதான் இப்போது மனதை அரித்தது.

அத்தா நசீருதீன் ஆலைகளைப் படம் எடுத்தவர். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் போவார். அவர்களுக்குக் கலரில் எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கென்று கறுப்பு வெள்ளையில் சிலதை எடுத்துக்கொள்வார். ஜவ்வரிசி ஆலையின் தொட்டி, கிரானைட் அறுக்கும் வாள், சர்க்கரை ஆலையின் கொதிகலன் எல்லாம் அதியமான்கோட்டை வீட்டின் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் மருந்துக்குக்கூட ஆள் கிடையாது. பெங்களூரில் ஒருமுறை கண்காட்சி வைத்தபோது ஒருவர் மைக்கைப் பிடித்து, இயந்திரம் மனிதனை விழுங்கிவிட்டதை இந்தப் படங்கள் சொல்கின்றன என்று அரைமணி நேரம் விளாசினார். அத்தா அடக்கமாகக் கேட்டுவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் தருமபுரி வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். கேட்டால் சொல்லவில்லை.

அம்மா ஷகிலாவுக்கு இந்தப் படங்கள் ஆகாது என்றுதான் ஷாஹீன் நினைத்திருந்தாள். புதுப் படத்தை மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்பார் அத்தா. "ம்" என்பாள் அம்மா. உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த 'ம்' ஒரு அரை மாத்திரைகூட நீண்டதில்லை. இன்றைக்குக் கழற்றினால் திரும்ப மாட்ட இந்த வீட்டில் யாரும் இல்லை. பரணுக்குப் போகும், பிறகு கரையானுக்குப் போகும். ஷாஹீனின் ஓசூர் வீட்டிலோ காலண்டர் மாட்டவே இடம் தேட வேண்டும்.

"உசுருள்ள உருவம் இருக்கிற வூட்டுக்கு வானத்துலருந்து மலக்குங்க எறங்கி வரமாட்டாங்கம்மா," என்றார் பெரியத்தா. "தம்பி இந்த வூட்ட வுட்டுப் போற நாளு. கழட்டிரலாம்."

"மெஷினுக்கு ஏதுங்க பெரியத்தா உருவம்?"

"ஆளில்லாம ஆலை ஓடுமா? எங்கனா ஒரு மூலைல ஒருத்தன் நின்னுனு இருப்பான்."

"அப்ப தேடிப் பாருங்க. ஒரு தலை கெடைச்சாலும் நானே கழட்டித் தரேன்."

பெரியத்தா ஸ்டூலிலிருந்து இறங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அரிசியில் கல் பொறுக்குகிறவர்போல ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் படத்தில் யாரும் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் அதிகமாக நின்றார். "இந்த ஆவியப் பாரேன், கைய வச்சா சுட்டுரும் போல." மூன்றாவதில் அப்போதுதான் அறுத்த கிரானைட் பலகை, மேலே தண்ணீர். பெரியத்தா கண்ணாடியை விரலால் தொட்டார். தொட்ட விரலைத் திருப்பி ஈரமாகிவிட்டதா என்று பார்த்தார்.

பெருநாள் தவறாமல் வந்து இந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவர் அவர்.

"இதுங்களத்தான் எடுத்துனு இருந்தானா இவன்," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொதிகலன் படத்துக்கு நகர்ந்தார்.

"இந்தா! செருப்பு!"

ஷாஹீனுக்குத் திக்கென்றது. கொதிகலனின் அடியில், நிழலோடு நிழலாக, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"செருப்பு இருந்தா ஆளு இல்லாமயா போவான்?"

"ஆளு டீ குடிக்கப் போயிட்டாருங்க மச்சான்."

உள்ளறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"பச்சியப்பன்னு பேரு. அவசரத்துல செருப்ப வுட்டுட்டு வெறுங்காலோட ஓடுனாருன்னு இவரு வந்து சொல்லிச் சிரிச்சாரு." அம்மா மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தாள். "கல்யாணமான புதுசுல இந்தச் சொவுத்துல ஒரு படம் மாட்டுனாரு. மூஞ்சியெல்லாம் கரியா ஒரு ஆளு. நான் தொழுவறது இந்தப் பக்கம் பாத்துதானே? இவன் மொறைச்சுனு நின்னா நான் எங்க தொழுவறதுன்னேன். அன்னைக்கே கழட்டிட்டாரு. அப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் டீக்குச் சங்கு ஊதற வரைக்கும் காத்துக் கெடப்பாரு. எல்லாரும் எழுந்து போனப்புறம் எடுப்பாரு. மெஷின் மட்டும் ஓடினு இருக்கும்."

பெங்களூர் பேச்சாளரை நினைத்து ஷாஹீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "தொழுவறப்ப பார்வை தரையில நிக்கணும். எனக்கு நிக்காது. மேல போயிரும். அஞ்சு வேளையும் போயிரும். ஒருக்கா மூணாவது ரக்காத்தா நாலாவதான்னே மறந்துட்டேன், இந்த ஆவியப் பாத்துனு. அதைப் போயி அவருகிட்ட எப்படிச் சொல்றது? அல்லாஹ்தான் மன்னிக்கணும்."

பெரியத்தா ஸ்டூலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, தம்பிக்குக் கஃபன் துணி போர்த்தக் கொல்லைப் பக்கம் போனார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் தெருமுனை திரும்பி, நெடுஞ்சாலையின் லாரிச் சத்தத்தில் கரைந்தன. வந்திருந்த பெண்கள் உள்ளறையில் ஓத உட்கார்ந்தார்கள். கூடம் காலியாயிற்று.

"ஷாஹீனு, உங்க பெரியத்தா மொத படத்தக் கோணலாக்கிட்டுப் போயிட்டாரு பாரு," என்றாள் அம்மா.

ஷாஹீன் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அவள் கண்ணுக்குப் படம் நேராகத்தான் இருந்தது.

"எடது பக்கம் தூக்கு. அவ்வளவு இல்ல. ஒரு நூலு எறக்கு."

இறக்கினாள்.

"ம். எறங்கு, நான் தொழணும்."