விளக்குக்கு மேலே ஒரு சென்சார்

பூஜை அறை வாசலில் நின்ற வேலைக்காரி பேச்சி அழவில்லை. அதுதான் பகவதியம்மாளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“மூணு நாளா அந்தி விளக்கு அணையுது. அங்க துபாயில மருமக மாசமா இருக்கா. தீட்டை மறைச்சு விளக்கைத் தொட்டிருக்க. நெசத்தச் சொல்லுட்டி!”

கேட் லைட் எரியவில்லை என்று கூப்பிட்டு வந்திருந்த வயர்மேன் ஞானசிகாமணி ஹாலில் ஏணியோடு நின்றுவிட்டார். சோபாவில் மகேஷ்குமார். திருவனந்தபுரம் கழக்கூட்டத்துக் கம்பெனியில் புரோகிராமர். மடியில் லேப்டாப், ஃபேன்களைச் சோதிக்க வந்திருந்தான். துபாய் மகன் ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு: அறையில் சூடு ஏறினால் அங்கே ஃபேன் தானாகச் சுற்றும், இறங்கினால் தானாக நிற்கும். வயர் இழுத்தது ஞானசிகாமணி. எத்தனை டிகிரியில் சுற்ற வேண்டும் என்று எழுதியது மகேஷ்குமார்.

“எனக்கு அது நின்னு நாலு வருசமாச்சும்மா” என்றாள் பேச்சி.

மகேஷ்குமார் லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஞானசிகாமணிக்குக் காது கொதித்தது. ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை, இரண்டு ஆண்பிள்ளைகள் கேட்க இதைச் சொல்ல வேண்டியதாயிற்றே.

“நாளைலேந்து வேலைக்கு வரண்டாம்” என்றாள் பகவதியம்மாள்.

“எப்ப அணையுதும்மா?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

“ஆறரைக்கு ஏத்திட்டு சீரியல் பாக்க இருப்பேன். ஏழு மணிக்குப் போனா அணைஞ்சு கெடக்கு.”

அவர் பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தார். குத்துவிளக்குக்கு இரண்டு சாண் மேலே, சுவரில் வெள்ளையாகச் சின்னப் பெட்டி. சென்சார். கம்பெனி வரைபடத்தில் புள்ளி வைத்த இடத்தில் அவரே திருகியது. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், வீட்டில் விளக்கு ஏற்றுகிற வழக்கமில்லை. திருகியது நாலு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியான நேரம், விளக்கைத் தேய்க்க எடுத்திருந்தார்கள். கீழே தீ எரியுமே என்று அப்போது தோன்றவே இல்லை. தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“டிவிய அணைச்சிட்டு இப்ப ஏத்துங்கம்மா. எல்லாரும் இங்கயே நிப்போம். தம்பி, நீரும் வாரும்.”

மழை விட்ட அந்தி. லேப்டாப் திரையில் இருபத்தேழு டிகிரி. மூன்று திரியும் நின்று எரிந்தன. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. பூஜை அறை ஃபேன் முழு வேகத்தில் சுழன்றது. சுடர் மூன்றும் படுத்து அணைந்தன. சற்று நேரத்தில் சூடு இறங்கி, ஃபேனும் ஒன்றும் அறியாததுபோல நின்றது.

“புரோகிராம் கறக்டுதான் அண்ணாச்சி” என்றான் மகேஷ்குமார். “டிராயிங்ல விளக்கு இல்லியே.”

“உம்ம வீட்டுல விளக்கு ஏத்த மாட்டாவளா?”

“அம்ம ஏத்துவா. நான் ஒம்பது மணிக்கில்லா வீடு சேருவேன்.”

பேச்சி பகவதியம்மாளின் முகத்தையே பார்த்தாள். “இப்பச் சொல்லுங்க.”

“என்னத்த?”

“பேச்சி மேல தப்பில்லன்னு. இவிய ரெண்டுபேரும் கேக்கச் சொல்லுங்க.”

“அதான் எல்லாரும் பாத்தாச்சே. போயி எண்ணெய விடு. நாளைக்கு வா.”

“வாயால சொல்லுங்கம்மா.”

“வேலைக்காரிகிட்ட நான் மாப்பு கேக்கணுமோ?”

பேச்சி பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். போயே விட்டாள். அடுத்து ஏறுகிற வீட்டிலும் பழைய வேலையிலிருந்து ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். அங்கேயும் தன் உடம்பைப் பற்றிச் சொல்லித்தான் அவள் வேலை வாங்க வேண்டும்.

“முப்பத்தஞ்சாக்கியாச்சு. இனி சுத்தாது” என்று மகேஷ்குமார் ஒரு தாளை நீட்டினான். “ஒரு ஒப்பு போடுங்க அண்ணாச்சி.”

ஆபீசுக்கான அந்தத் தாளில், விளக்கு அணைந்த புகாருக்குக் காரணம் என்ற இடத்தில் ‘வேலைக்காரியின் கவனக்குறைவு’ என்றிருந்தது.

“இது என்னவே?”

“டிசைன் தப்புன்னு எழுதினா என் ஜோலி போவும்.”

“இங்க இப்ப ஒருத்தி ஜோலி போச்சே, கண்ணு தெரியலயா ஒமக்கு?”

பேனாவைப் பிடுங்கி அந்த வரியைத் தாள் கிழிய அடித்தார். கீழே எழுதினார்: ‘இடம் குறித்தது கம்பெனி. யோசிக்காமல் திருகியது நான். பேச்சி மேல் குற்றமில்லை.’ பகவதியம்மாள் கேட்க உரக்கப் படித்தார். அவள் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். அவர் அதற்குமேல் குரலை ஏற்றி இன்னொரு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

“அய்யோ, இத நான் எங்ஙன ஆபீஸ்ல குடுப்பேன்?”

“கையால குடும்” என்று ஏணியைத் தோளில் தூக்கினார் ஞானசிகாமணி.