கறையான் தின்ற பதிவேடு

அஸ்ஹர் பாயின் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்போது சுங்கை பினாங் ஃப்ளாட்டில் இருந்தவர்கள்: மனைவி ஹபீபா பீவி, மகன் ஷாருல், மகள் சித்தி ஹாஜரா, துஆ ஓத வந்த லெப்பை, பள்ளிவாசலிலிருந்து வந்த எட்டு ஆண்கள், லிஃப்ட் ஓடாததால் மூச்சிரைக்க ஏறிவந்த பக்கத்து புளோக் பெண்கள் மூன்று பேர். கட்டிலுக்கு அடியில், சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையில், ஒரு பதிவேடு.

ஷாருல் வாசலில் நின்று, மகன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“எங்க அத்தா யாருக்காச்சும் ஏதாச்சும் திருப்பிக் குடுக்க வேண்டியிருந்தா சொல்லுங்க. நான் பொறுப்பு.”

“அஸ்ஹர் பாயா? ஆபீஸ் பென்சிலக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனுசன்லா,” என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

ஹாஜரா சிரிக்கவில்லை. பென்சில் வரவில்லைதான்.

அஸ்ஹர் முப்பத்தைந்து வருடம் நிலவரி ஆபீசின் ஆவண அறையைக் காத்தவர். ஓய்வுபெற்ற பிறகு அந்த ஆபீசின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. “ஜெர்மனியில வூர்ட்டம்பெர்க்னு ஒரு ராஜ்யம். இப்ப ராஜாவும் இல்ல, ராஜ்யமும் இல்ல. ஆனா அங்க மூலையில கெடந்த வரி ஆபீசுக்கெல்லாம் வரலாறு எழுதி வச்சிருக்கான். நம்ம ஆபீஸ் பியூன் பேரச் சொல்லு பாப்போம்?” என்பார். பியூன்களின் பெயர் கட்டிலுக்கு அடியிலிருந்த அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

ஹாஜரா தம்பியை ஓரமாக இழுத்தாள். “அத்தா எடுத்து வந்த ஆபீஸ் புக்கு இருக்குடா.”

“இப்பவாக்கா?”

“மண்ணு போடுறதுக்குள்ள போய்ச் சேரணும். நீ ஜனாஸா கூடப் போ. நான் பாத்துக்குறேன்.”

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டே காலுக்கு ஜும்மாவுக்காக ஆபீசை அடைத்துவிடுவார்கள். பதிவேட்டுப் பையோடு வந்து மோட்டார் சைக்கிளை அவள் நிறுத்தியபோது ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது.

அப்பாவின் நாற்காலியில் இப்போது மோகனராஜ். பதிவேட்டின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தேடினான். பிறகு ஒரு பழைய ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். அந்த எண்ணுக்கு நேரே, கறையான் தின்றுவிட்டது, எரிக்கப்பட்டது என்றிருந்தது. கீழே அஸ்ஹரின் கையெழுத்து.

“எரிச்ச புக்க நான் எப்படிக்கா வாங்குறது? வாங்குனா அவரு பொய் எழுதுனது வெளிய வரும். செத்த மனுசன் பேரு கெட்டுரும்.”

“கெட்டா கெடட்டும். கடன் நிக்கக் கூடாது.”

மோகனராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். சாவியை எடுத்தான். “நீங்களே உள்ள வச்சிருங்க. நான் பாக்கல.”

ஆவண அறையில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஆபீசில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டங்கள்: பெயர், சேர்ந்த நாள், போன நாள், இறந்த நாள். நான்காவது கட்டம் முழுக்க அப்பாவின் பென்சில் எழுத்து. அதற்காக அவர் ஏறி இறங்காத மையவாடி இல்லை, சுடுகாடு இல்லை. கடைசி வரியில் அவருடைய பெயர். நான்காவது கட்டம் காலி.

“தம்பி, பேனா இருக்கா?”

“அந்த அலமாரி மேல பென்சில் கெடக்கும், பாருங்கக்கா.”

தேதியை எழுதினாள். பதிவேட்டை இரண்டு ஃபைல் கட்டுகளுக்கு நடுவே செருகினாள். பென்சிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் மோகனராஜ் கதவைச் சாத்தி, இரண்டு சுற்று பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.