கபூலா நடித்துக் காட்டியது

தொப்பியைச் சவப்பெட்டிக்குள் வைக்க நீண்ட கையை ஒதீலியா எட்டிப் பிடித்தாள்.

"வேணாம் அங்கிள்."

"சனம் உங்கப்பாவ இந்தத் தொப்பியிலதாம்மா தெரிஞ்சு வச்சிருக்கு" என்றார் இயக்குநர் ம்ரேமா.

"எனக்கு அவரோட தலை தெரியும். நான் எண்ணெய் வச்சு விட்ட தலை."

மனிதர் பாவம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரே வீட்டில் ஐந்து குடித்தனக்காரர்கள் அடித்துக்கொள்ளும் நகைச்சுவைத் தொடர் அவருடையது. அதில் வாசலில் தூங்கி வழியும் காவல்காரன் கோபேதான் ஒதீலியாவின் அப்பா ஃபிடேலிஸ். கோபே என்றால் ஆமை. நடை அப்படி. தார் எஸ் ஸலாம் நகரமே அந்த ஆமையைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதில், கோபேயை மட்டும் பிரித்தெடுத்துத் தனித் தொடர் போட்டார்கள். அது ஒன்பது வருஷம் ஓடியது. பிறகு ஃபிடேலிஸ் என்று அவரைக் கூப்பிட ஆளே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலும் விட்டார்களா? மூச்சுக்குத் தவித்த மனுஷனிடம் நர்ஸ் ஒருத்தி, ஒரே ஒரு தடவை அந்த வசனத்தைச் சொல்லுங்களேன் என்று கேட்டாள். அப்பா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "நான் தூங்கலம்மா, கண்ணுக்கு ஓய்வு குடுக்குறேன்" என்றார். வார்டே சிரித்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. கடைசி வார்த்தையைக்கூட அந்தப் பாழாய்ப்போன ஆமை கொண்டுபோய்விட்டதே என்று இரண்டு நாளாக ஒதீலியாவுக்கு வயிறு எரிந்தது.

இப்போது பந்தலில் சலசலப்பு. பக்கத்துத் தெருமுனையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாந்தாசிப் பணியாரம் சுட்டு விற்கும் கபூலா, ஃபிடேலிஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஸுகுமா, இவர்கள் ங்கோனி. இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை உண்டு. இழவு வீட்டில் செத்தவரை நடித்துக் காட்டுவது அவர்கள் உரிமை. வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது, பதில் கொடுக்க வேண்டும்.

சனம் கைதட்டி ஆமை நடையைக் கேட்டது. ஒதீலியாவுக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கபூலா ஆமையாக நடக்கவில்லை. விறுவிறுவென்று பந்தலின் கோடிக்குப் போனாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தெருவைப் பார்த்தாள். மணி பார்த்தாள். பஸ் வருவதுபோல ஒரு பாவனை. உடனே கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டை பறக்க ஓட்டமாய் ஓடிவந்து நாற்காலியில் விழுந்து, செய்தித்தாளைத் தலைகீழாக விரித்துக்கொண்டாள்.

ஓரிருவர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஒதீலியாவுக்குப் புரிந்துவிட்டது.

பதினைந்து வயதில், பஸ் நிறுத்தத்துக்கு வராதீங்க, எல்லாரும் கோபே கோபேன்னு கத்துறாங்க, எனக்கு மானம் போகுது என்று அவள் சீறியிருந்தாள். அன்றோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார் என்றே நினைத்திருந்தாள். அவள் வேலைக்குப் போன பிறகும் தினமும் சாயங்காலம் இந்த மனுஷன் ஒளிந்து நின்று பார்த்துவிட்டுத்தான், அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் ஏன் மூச்சு வாங்குது, டாக்டரைப் பாருங்க என்று அவரை எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

கபூலா மூச்சு வாங்க, தாளிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.

"வந்துட்டியா? நான் கவனிக்கவே இல்ல."

அச்சு அசல் அப்பாவின் குரல்.

ஒதீலியா எழுந்துபோய் கபூலாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன் பாபா" என்றாள். "பஸ்ல ஒரே கூட்டம்."