கயிறு கட்டினால் போகாத நாய்

லிட்டில் ஹாக்கம் ஊரில் வில்ஃப்ரெட் பின்னாக்குக்கு நாய் என்றாலே ஆகாது என்று பேச்சு. அவரைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நாய் மேல் தனக்கு ஒரு கோபமும் இல்லை, அவிழ்த்துவிட்ட நாய் மேல்தான் கோபம் என்பார். இந்த வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஆகும் என்பதால் ஊரில் யாரும் அவரைக் கேட்பதில்லை.

எல்லாம் ஒரு சுரைக்காயால் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதக் காய்கறிப் போட்டிக்காக, பிள்ளை மாதிரி வளர்த்த பதினெட்டுக் கிலோ சுரைக்காயை அவர் ஊர்ப் புல்வெளியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்திருந்தார். நடுவர் வர இரண்டு நிமிஷம் இருக்கும்போது ரோசலிண்ட் டாப்செல்லின் இரண்டு ஸ்பானியல் நாய்களில் மூத்தது வந்தது, மோந்து பார்த்தது, நிதானமாகக் காலைத் தூக்கியது. நடுவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த காய்க்குப் போய்விட்டார்.

அடுத்த தேர்தலிலேயே பின்னாக் ஊர் மன்றத்துக்கு நின்றார். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் அமோகமாக ஜெயித்தார். உட்கார்ந்து விதி எழுதினார்: ஊர்ப் புல்வெளியில் எந்த நாயும், எந்த நேரத்திலும், ஆறடிக்கு மிகாத கயிற்றில்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பதினொரு தடவை திருத்தினார். அவர் சாலை அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அடி கணக்கில் அவரை யாரும் அசைக்க முடியாது.

விதி நிறைவேறும் என்று அவர் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. மன்றத்தில் ஏழு பேர். தனக்குச் சம்பந்தம் உள்ள விஷயம் பேச்சுக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து, சம்பந்தத்தைச் சொல்லி, வெளியே போய்விட வேண்டும். நாய் விதி என்று வந்தால் நாய் வைத்திருப்பதும் சம்பந்தம்தான் என்று மன்றச் செயலர் ஹெஸ்டர் லவ்டே அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஏழில் ரோசலிண்ட் உட்பட நாலு பேரிடம் நாய். நாலு பேரும் வெளியே போனால் மிச்சம் பின்னாக், நாய் முடி பட்டாலே தும்முகிற பேசில் கிரம்ப், மீன் வளர்க்கும் ஒரு பல் டாக்டர். கூட்டம் செல்லுபடியாக மூன்று பேர் வேண்டும். சரியாக மூன்று பேர். ஏப்ரலில் முதல் ஓட்டெடுப்பு மூன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. ஜூன் மாதம் இரண்டாவது ஓட்டு, அதோடு விதி உறுதி.

நடுவில் மே மாதம் அவருடைய அக்கா மியூரியல் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். இல்லத்தில் அவளுடைய நாய்க்கு அனுமதி இல்லை.

"ரெண்டே வாரம்டா வில்ஃபி," என்றாள் அக்கா. "அவ பாட்டுக்கு ஒரு மூலைல கெடப்பா."

நாயின் பெயர் கஸ்டர்ட். பன்னிரண்டு வயது, மஞ்சள் நிறம், லாப்ரடாரும் வேறு ஏதோவும் கலந்த ஜாதி, நல்ல பருமன். வந்த அன்றே அவரது செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கினாள். அவர் செருப்பைக் கழற்றாமல் மூன்று மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வில்லங்கம் மறுநாள் ஆரம்பித்தது. ஆறடிக் கயிறு ஒன்று வாங்கிக் கட்டி, பின்பக்கச் சந்து வழியாக அழைத்துப் போனார். கஸ்டர்ட் உட்கார்ந்துவிட்டாள். கால் மணி, அரை மணி, ஒரு மணி. ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்குப் பின்னால் கல் பாவிய முற்றமும் காய்கறிப் பாத்தியும்தான், புல் கிடையாது. நர்சரியில் இருந்து ஒரு சுருள் புல்தரை வாங்கி வந்து முற்றத்தில் விரித்தார். கஸ்டர்ட் அதன் மேல் படுத்துத் தூங்கினாள். ஒன்றரை நாள் ஆகியும் நாய் எதற்கும் அசையவில்லை, பின்னாக்குக்குத்தான் அடிவயிறு வலித்தது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"கயிறு கட்டினா அவ போகவே மாட்டாடா," என்றாள் மியூரியல்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ ஏன் கட்டினே? நீ கக்கூஸ் போறப்போ ஒருத்தன் உன் கழுத்தைப் புடிச்சிக்கிட்டு பக்கத்துலயே நின்னா உனக்கு வருமா?"

பின்னாக் போனை வைத்தார். மறுநாள் விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கு, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கஸ்டர்டை ஊர்ப் புல்வெளிக்கு அழைத்துப் போய், நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அவள் நாலு தப்படி நடந்து, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விதி இன்னும் உறுதியாகவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு வாரம் ஐந்து வாரம் ஆயிற்று. இல்லத்தில் சீட்டாட்டத் துணை கிடைத்துவிட்டது, அங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று மியூரியல் எழுதினாள். நாயை எங்காவது கொடுத்துவிடலாம் என்று பின்னாக் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவருக்குக் கஸ்டர்ட் மேல் ஆசை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு மாட்டிக்கொண்டார். பனிக்குள்ளிருந்து இரண்டு ஸ்பானியல்கள் வந்தன, பின்னாலேயே இரவு உடுப்பின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு ரோசலிண்ட்.

அவள் கஸ்டர்டைப் பார்த்தாள். அவர் கையில் சுருட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். சிரித்தாள்.

"என்ன வில்ஃப்ரெட், கயிறு காத்து வாங்குதா?"

"இது எங்கக்காவோடது."

"கயிறா, நாயா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? எனக்குத்தான் கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாதே," என்றாள் ரோசலிண்ட். கண்ணாடி அவள் மூக்கின் மேல் இருந்தது. "ஆனா ஒண்ணு. செவ்வாய்க்கிழமை நீங்களும் எழுந்து வெளிய வந்துட்டா உள்ள ரெண்டே பேர். உங்க விதி அதோட காலி. வராம உக்காந்திருந்தா அது பொய்யி. நல்லா மாட்டினீங்க போங்க."

வீட்டுக்கு வந்து டீயைக்கூடக் குடிக்காமல் ஹெஸ்டருக்குப் போன் போட்டார்.

"சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தர் வீட்டுல இன்னொருத்தரோட நாய் இருந்தா, சம்பந்தம் யாருக்கு?"

"யார் சோறு போடறாங்களோ அவங்களுக்கு," என்றாள் ஹெஸ்டர். "போன வருஷம் நாய் தன்னோடது இல்ல, பொண்டாட்டியோடதுன்னு ஒருத்தர் வெளிய போக மாட்டேன்னாரே, அப்ப நீங்கதான் இந்தப் பிரிவை எழுதிக் கொண்டுவந்தீங்க மிஸ்டர் பின்னாக். ரொம்பத் தெளிவா எழுதியிருந்தீங்க."

செவ்வாய் சாயங்காலம் ஏழு மணி. ஊர்க் கூடத்தில் வெயில் இன்னும் இருந்தது. நாலாவது விஷயம், நாய் விதி. சம்பந்தம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றாள் ஹெஸ்டர். வழக்கம்போல் நாலு பேரும் எழுந்தார்கள். ரோசலிண்ட் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னாக் பக்கம் திரும்பியும் பார்க்காமல் போனாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ம், படிங்க," என்றார் பேசில் கிரம்ப். கையை இப்போதே பாதி தூக்கி வைத்திருந்தார்.

பின்னாக் எழுந்து தாளை எடுத்தார். "ஊர்ப் புல்வெளியில் எந்த நாயும், எந்த நேரத்திலும்..." என்று படித்து நிறுத்தினார். எந்த நேரத்திலும் என்பதை எட்டாவது திருத்தத்தில்தான் சேர்த்திருந்தார். அப்போது அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இப்போது அந்த வார்த்தைக்குள் காலை ஐந்து மணியும் இருந்தது. அவருக்குத் தன்னைப் பற்றி ஒன்று நிச்சயமாகத் தெரியும்: விதி உறுதியான மறுநாள் அதை மீற அவரால் முடியாது. கயிற்றோடுதான் போவார். கஸ்டர்ட் உட்கார்ந்து, வயிறு வீங்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஒரு நாய் இருக்கு," என்றார்.

பேசிலின் கை அந்தரத்தில் நின்றது. பல் டாக்டர் பேனாவைக் கீழே போட்டார். ஹெஸ்டர் மட்டும் தலை நிமிராமல் எழுதினாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம்."

"சோறு?"

"நான்தான் போடறேன். ரெண்டு வேளை. நடுவுல பிஸ்கட்டும்."

"அப்ப வெளிய போங்க."

"யோவ் பின்னாக்!" பேசில் மேசையைத் தட்டினார். "மூணு வருஷமா என் உசிரை வாங்கினியே! ஓட்டைப் போட்டுட்டு அப்புறமா நாய் வளக்கக் கூடாதா? ஒரு நிமிஷம்யா! உக்காருய்யா!"

பின்னாக் பதினொரு திருத்தம் கண்ட தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். மூன்று வருஷம். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல் பெஞ்சில் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், காலடியில் நாய்கள். யாரும் கைதட்டவில்லை, கேலி பேசவில்லை. ரோசலிண்ட் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினாள்.

"சக்கரை போட்டிருக்கேன். இன்னிக்கு உங்களுக்கு வேணும்."

ஜன்னல் வழியாக ஹெஸ்டரின் தலை வந்தது. "ஆள் போதல. நாய் விதி தள்ளுபடி. அடுத்தது குளத்துப் பாசி. பாசியில சம்பந்தம் இல்லாதவங்க எல்லாம் உள்ள வரலாம்."

"எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும்," என்றார் பின்னாக்.

வீட்டுக்குப் போனார். பின்பக்கச் சந்து வழியாக இல்லை, முன்வாசல் வழியாகவே கஸ்டர்டோடு திரும்பி வந்தார். வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க, புல்வெளி நடுவில் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். கஸ்டர்ட் முதலில் நம்பவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, காது இரண்டும் பறக்க, ஓட ஆரம்பித்தாள். ஓடின திசையில் கூடத்து வாசல் இருந்தது. வாசலில், பாசிக் கூட்டத்தை உதறிவிட்டுச் சண்டைக்குக் கிளம்பி வந்த பேசில் கிரம்ப் இருந்தார்.

"பின்னாக்! புடிய்யா! கயித்துல கட்டுய்யா அதை!" பேசில் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். ஏறும்போதே முதல் தும்மல் வந்துவிட்டது.

பின்னாக் ஓடவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, நடந்து வந்தார்.

"பயப்படாதீங்க பேசில்," என்று தூரத்திலிருந்தே கத்தினார். "ஒண்ணும் பண்ண மாட்டா. சும்மா வெளயாடறா!"