பேசில் ஏலத்தில் எடுத்த பப்பாளி

1974ஆம் ஆண்டு அறுப்புப் பண்டிகை முடிந்த மூன்றாவது திங்கட்கிழமை காலை, கெர்ட்ரூட் முந்தின நாள் சாக்கடையில் எறிந்த பப்பாளிப் பழம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தது. யாரோ கழுவித் துடைத்து வைத்ததுபோல், அது முன்பு இருந்த அதே பீங்கான் தட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் அழுகியிருந்தது, மறுபக்கம் நன்றாகப் பழுத்திருந்தது. கெர்ட்ரூட் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகவேண்டிய கணவனுக்குத் தேநீர் ஆற்றப் போனாள்.

அந்தப் பழம் வீட்டுக்குள் வந்ததே வீம்பால்தான். அறுப்புப் பண்டிகையன்று சபையார் தங்கள் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்ற சாக்கில் ஆண்கள் தங்கள் மானத்தைக் கூட்டிக் கேட்டுக்கொள்ளும் நாள் அது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த சிக்னல்மேன் பேசில், தன்னோடு வேலை செய்த வாலண்டைன் கேட்ட எதையும் அவன் கையில் விடுவதில்லை. அந்த வருடம் வாலண்டைன் எல்லாவற்றையும் கேட்டான். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பதினாறு பப்பாளி, மூன்று குலை வாழை, ஒரு பலா, ஒரு சாக்கு மரவள்ளி எல்லாம் லோரியில் பேசில் வீட்டுக்கு வந்து இறங்கின. வீட்டில் இருந்ததோ கெர்ட்ரூட், பேசில், மகள் மார்க்கிரட் என்று மூன்று வாய். அதில் பேசிலின் வாய் பப்பாளியைத் தொடாது.

பேசில் பழையதையும் தொடமாட்டார். தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிடவும் மாட்டார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தட்டை வழித்து நக்கி வளர்ந்த பிள்ளை அவர். உத்தியோக உடுப்பு போட்ட நாளிலிருந்து, மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைப்பதுதான் மனுஷனுக்கு மரியாதை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். அந்த மரியாதையைத் தினமும் இரண்டு வேளை யார் தின்று தீர்க்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பப்பாளிக்குப் பின்னால் மற்றவையும் வர ஆரம்பித்தன. குப்பைத் தொட்டியில் கொட்டிய சோறு மறுநாள் காலை கிண்ணத்தில் இருந்தது. கிள்ளான் ஆற்றில் விட்டெறிந்த ரொட்டி கொஞ்சம் ஈரத்தோடு வந்து சேர்ந்தது. காக்கைக்கு வைத்தால் காக்கை தின்றுவிட்டுப் போகும். ஆனாலும் சோறு திரும்பிவிடும். அந்த வீட்டில் காக்கை, நாய் வாய் செல்லாது, மனுஷர் வாய்தான் செல்லும். தோல், முள், கொட்டை, நிஜமாகவே கெட்டுப்போனது எதுவும் திரும்பாது. அந்த விஷயத்தில் நியாயமாகத்தான் நடந்தது. திரும்பி வந்த பண்டம் அதற்குமேல் கெடுவதும் இல்லை, பொறுமையாகக் காத்திருக்கும். மகள் கல்யாணமாகிப் பண்டமாரானுக்குப் போன பிறகு, அம்மா கொடுத்தனுப்பிய அச்சாரை அங்கே எறிந்தாலும் அது பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிடும். தாய்க்குத் தெரியாமல் மார்க்கிரட்டால் ஒரு மாங்காய்த் துண்டைக்கூட எறிய முடியவில்லை.

கெர்ட்ரூட் சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். வேறென்ன செய்வது? கறுத்துக் குழைந்த வாழைப்பழத்தை மாவோடு பிசைந்து உருண்டை உருண்டையாகப் பொரித்தாள். காய்ந்த ரொட்டியை முட்டையும் பாலும் ஊற்றிப் புட்டிங் செய்தாள். கனிந்த அன்னாசியை ஜாமாகக் கிண்டினாள். மூன்று நாள் கறிகளை ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினால் அதற்கென்று ஒரு ருசி வரும் என்பதையும் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரி என்று பேர் வந்தது. பேர் வந்தால் வேலையும் கூடவே வரும். கல்யாண வீட்டில் மீந்த பிரியாணி, கருமாதி வீட்டு வடை, கோயில் விருந்துப் பாயசம் எல்லாம் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தன. "அக்கா, வீணாப் போயிடும்லா, நீங்கதான் ஏதாச்சும் பண்ணிருவீங்க," என்று பக்கத்து வீட்டு வீரம்மா வைத்துவிட்டுப் போவாள். எறியும் பாவம் அவர்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஒருமுறை போதகர் வந்து ஜெபித்துவிட்டு, ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டு பன்னிரண்டு கூடை மீந்ததைச் சொல்லி, இதுவும் ஓர் ஆசீர்வாதம்தான் என்றார்.

"அந்தப் பன்னிரண்டு கூடையை அப்புறம் யாருங்க ஐயா சாப்பிட்டாங்க?" என்று கெர்ட்ரூட் கேட்டாள்.

போதகர் இன்னும் இரண்டு வாழைப்பழ உருண்டை சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. வடித்து இறக்கிய சோற்றை, சூடு ஆறுவதற்குள், முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தினமும் புதுச்சோறு வடிக்கத்தான் செய்தாள். ஆனால் மேசையில் நேற்றையது காத்திருக்கும்போது இன்றையதில் எப்படிக் கை வைப்பது? மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி மட்டும்தான் அவள் பங்கு. நேற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்று பழசாகிவிடும். இப்படியே பதினேழு வருடம். இடுப்பு போனது, பல் இரண்டு போனது, அந்த ஆசை மட்டும் போகவில்லை. அந்த முதல் பப்பாளியை மட்டும் அவள் தொடவில்லை. ஏலம் எடுத்தவர் தின்னட்டும் என்று விட்டுவிட்டாள். அழுகினதை நானா தின்பது என்று அவரும் விட்டுவிட்டார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் அது பழுத்தது பழுத்தபடியே உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் அதை மெழுகுப் பழம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1991இல் பேசில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, குவாட்டர்ஸை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை. அந்த வருட அறுப்புப் பண்டிகையில் வாலண்டைன் தடி ஊன்றிக்கொண்டு வந்து ஒரு பலாவைக் கேட்டான். பேசிலின் விரல் தானாக மேலே போனது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கெர்ட்ரூட் அந்த விரலைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. வீட்டுக்கு வந்து கத்தியைப் பலாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே மிச்சத்த நான் திங்கமாட்டேங்க. சமைக்கவும் மாட்டேன். எனக்கு அலுத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பெண் பிள்ளை கோபம் பிள்ளையார் கோயில் வாசல்வரை என்று பேசில் நினைத்திருப்பார். கெர்ட்ரூட் மெத்தடிஸ்ட் சபைக்காரி, அவள் போகும் வழியில் பிள்ளையார் கோயிலே இல்லை. அவள் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தாள். பேசில் கடைகளில் சாப்பிட்டார். வாழையிலைச் சோறு, மீ கோரெங், ரொட்டி சானாய் எல்லாவற்றிலும் வழக்கம்போல் மரியாதைக்கு மூன்றில் ஒரு பங்கை வைத்துவிட்டு எழுந்தார். அதெல்லாம் மறுநாள் காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அரை மீன், முக்கால் அப்பளம், கடித்த தோசை. மேசை நிறைந்து, தையல் மெஷின் மேல் ஏறி, மகளின் பழைய கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தது. ஒன்பதாம் நாள் பேசிலுக்குச் செய்தித்தாளை விரிக்க இடமில்லை.

வீரம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "என்னா அண்ணே, வீட்ல விசேஷமா? யாரு வந்திருக்கா?"

பேசில் தட்டுகளைப் பார்த்தார். கடித்திருந்த ஒவ்வொரு இடத்திலும் தன் பல் தடம் இருந்தது. "யாரும் வரலம்மா. எல்லாம் நான் வச்ச மிச்சம்," என்றார்.

ஒன்பது நாளைக்கு இவ்வளவு என்றால் பதினேழு வருடத்துக்கு எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

அன்று பகல் அவர் உலை வைத்தார். தண்ணீர் அதிகம், அடியும் பிடித்துவிட்டது. ஒரு முட்டையைப் பொரித்து, முதல் கரண்டிச் சோற்றைப் போட்டு, ஆவி பறக்க அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். கெர்ட்ரூட் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். விரல் சுட்டது. சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பீங்கான் தட்டை எடுத்து வந்து, அழுகின பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சப் பப்பாளியைத் தோல் தெரியும்வரை கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டார்.

"நல்லா இனிப்பாத்தான் இருக்கு, கெர்ட்டி."

"பதினேழு வருஷமா இனிப்பாத்தான் இருந்திருக்கும்," என்றாள்.

பிறகு, வயிறு நிறைந்துவிட்டதால், தட்டில் ஒரு பிடி சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவள் கை கழுவினாள். கல்யாணமான பிறகு அவள் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை. பேசில் யோசிக்காமல் அதைத் தொட்டியில் கொட்டினார். மறுநாள் காலை அந்த ஒரு பிடி சோறு, அவர் வைத்த மிச்சங்களுக்கு நடுவில், அதே தட்டில் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. பேசில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டு, அதைச் சாப்பிட உட்கார்ந்தார்.